கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் காணோம்

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. 2006இல் வாங்கிய டெஸ்க்டாப்பில்தான் இன்றைக்கும் கட்டுரைகள் எழுதுகிறார். விண்டோஸ் எக்ஸ்பி, 1 ஜிபி ரேம். போன மாதம் அது ஆன் ஆகாமல் நின்றுபோய், சர்வீஸுக்கு வந்தவர் விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார். டி டிரைவில் இருந்த நானூறு கோப்புகளும் இருக்கின்றன. ஆனால் வேர்ட் 2000 போய்விட்டது, அதன் சிடியும் வீட்டில் இல்லை. வேர்ட்பேடில் திறந்தால் கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கிறது (திரையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்). இத்தனை வருட எழுத்தும் போயிற்று என்று யாரோடும் பேசாமல் இருக்கிறார். நான் இலவச மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இறக்கிப் பார்த்தேன், ஒன்றுகூட இன்ஸ்டால் ஆகவில்லை. கட்டுரைகளைத் தொகுக்கும் பதிப்பாசிரியரோ டாக்எக்ஸ் கோப்பாக அனுப்புகிறார், எல்லாவற்றையும் யூனிகோடில் கேட்கிறார். புது லேப்டாப் வாங்கலாம் என்கிறார் கணவர். "இந்தக் கீபோர்டில்தான் எனக்குக் கை ஓடும்" என்கிறார் மாமனார். இந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடக்கூடிய வேர்ட் மாதிரி ஏதாவது உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமனாரிடம் போய் ஒன்றைச் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். ஐயாவின் எழுத்து எதுவும் அழியவில்லை. ஒரு வரிகூட அழியவில்லை. கோப்புகள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்த எழுத்துரு சி டிரைவில் விண்டோஸோடு இருந்தது, விண்டோஸை அழித்துப் போட்டபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய படம். தலைப்பின் முதல் சொல்லைப் பாருங்கள்: சின்ன ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் ஜே இருக்க வேண்டிய இடத்தில் 'த' வரையப்பட்டிருக்கும். கே இடத்தில் 'ம', பி இடத்தில் இகரக் கொக்கி, ஓ இடத்தில் 'ழ', அரைப்புள்ளி இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. சேர்த்துப் படித்தால் 'தமிழ்'. பாமினியில் அடித்தபோது அது தமிழ் என்றே வேர்டுக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளைத்தான் கோப்பில் எழுதி வைத்தது, மேலே எழுத்துரு தமிழ் முகமூடி போட்டுக் காட்டியது. முகமூடி போனதும் உள்ளே இருந்த ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரிகின்றன. பாமினியைக் கொண்டுவந்து போட்டுவிட்டால் அதே கோப்பு அதே நொடியில் தமிழாகத் தெரியும். கட்டுரைக்குள் எங்காவது ஓரிடத்தில் கர்சரை வையுங்கள், மேலே எழுத்துருப் பெயர் வரும் பெட்டியில் பாமினி என்றே காட்டும். எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் கோப்பில் இருக்கும். சில கோப்புகளில் வேறு பெயர் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த எழுத்துருவும் தேவைப்படும். டி டிரைவிலேயே டிடிஎஃப் என்று முடியும் கோப்புகளைத் தேடிப் பாருங்கள், பழைய ஆட்கள் எழுத்துருவைத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். கிடைத்ததும் கன்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் என்ற இடத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'இன்ஸ்டால் நியூ ஃபான்ட்' என்று கொடுத்தால் முடிந்தது.

அடுத்த வேலை மென்பொருள் தேடுவதல்ல, பிரதி எடுப்பது. 2006இல் வாங்கிய ஹார்டு டிஸ்க் என்றால் அது எப்போதோ தன் காலத்தை முடித்துவிட்டு இப்போது கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும், அன்றைக்கு எந்த எழுத்துருவும் உங்களுக்கு உதவாது. அதனால் நானூறு கோப்புகளையும் இன்றைக்கே ஒரு பென்டிரைவில் எடுங்கள், அங்கிருந்து வீட்டில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி போடுங்கள். பென்டிரைவைச் செருகியும் எக்ஸ்பி அதைப் படிக்கவில்லையென்றால் பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன, தனி அப்டேட் போடாத எக்ஸ்பிக்கு அது புரியாது. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான பென்டிரைவாக எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் ஃபேட்32 என்று ஃபார்மட் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். இந்த நானூறு கோப்புகளுக்கு 4 ஜிபியே தாராளம்.

இன்னொன்றும் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? போனால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஆர் 2032 என்று கேட்டால் கிடைக்கும். அதை மாற்றாமல் விட்டால் இனி எழுதும் கட்டுரைகளெல்லாம் தப்பான தேதியோடு சேமிக்கப்படும், எது புதிய பிரதி, எது பழைய பிரதி என்றே தெரியாது. பதிப்பாசிரியரோடு கோப்பு மாற்றிக்கொள்ளும்போது இது பெரிய தலைவலி.

சரி, மென்பொருளுக்கு வருவோம். புதிய பதிப்பு எதுவும் இன்ஸ்டால் ஆகாததற்குக் காரணம் கம்ப்யூட்டரின் கோளாறு இல்லை. உங்களுடையது 32 பிட் எக்ஸ்பி. இன்றைக்கு டவுன்லோடு பட்டனை அழுத்தினால் வந்து இறங்குவது பெரும்பாலும் 64 பிட் பதிப்பு. அதை ஓட்டிப் பார்த்தால் 'இந்த ப்ராசஸர் வகைக்கு இது ஒத்துவராது' என்றோ, 'இது சரியான வின்32 அப்ளிகேஷன் இல்லை' என்றோ ஒரு பெட்டி வரும், நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். 32 பிட் பதிப்பையே தேடி எடுத்தாலும் பெரும்பாலும் பயன் இருக்காது, ஏனென்றால் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியது, அதற்குப் பின் சில வருடங்களில் மற்றவர்களில் பெரும்பாலோரும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டருக்கு மென்பொருள் தேடுகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். எது நல்ல மென்பொருள் என்று கேட்டுக்கொண்டு போவார்கள். கேட்க வேண்டியது, என் விண்டோஸுக்காக வெளிவந்த கடைசிப் பதிப்பு எது என்பதைத்தான்.

உங்கள் மாமனாருக்கு அந்தப் பதில், வேர்ட் போன்ற இலவச மென்பொருளான லிப்ரெஆபீஸின் 5.4.7 பதிப்பு. எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் ஓடும் கடைசி வரிசை அது, அடுத்து 2018இல் வந்த 6.0 விண்டோஸ் 7க்குக் கீழே இறங்காது. 256 எம்பி ரேம் இருந்தாலே ஓடும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், 512 இருந்தால் நல்லது என்பார்கள், உங்களிடம் 1 ஜிபி இருக்கிறது. லிப்ரெஆபீஸின் பழைய பதிப்புகளை அதை நடத்தும் அமைப்பே தன் காப்பகப் பக்கத்தில் வைத்திருக்கிறது, அங்கிருந்து மட்டும் எடுங்கள். பழைய மென்பொருள் தருகிறோம் என்று சொல்லும் மற்ற தளங்களில் கூடவே என்ன ஏற்றிக் கொடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. டவுன்லோடை உங்கள் லேப்டாப்பிலோ கணவருடையதிலோ செய்து பென்டிரைவில் கொண்டுபோங்கள், எக்ஸ்பியில் இருக்கும் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரால் இன்றைய பாதுகாப்பான தளங்கள் பலவற்றைத் திறக்கவே முடியாது. கோப்பின் பெயரில் 64 என்று இல்லாமல் எக்ஸ்86 என்று மட்டும் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

போடுவதற்கு முன்னால் மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் சர்வீஸ் பேக் 3 என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2 என்று வந்தால் விண்டோஸ் போட்டுக் கொடுத்தவரிடமே சொல்லி 3ஐப் போடச் சொல்லுங்கள், அது இல்லாமல் தொடங்க வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, டேட்டாபேஸுக்கான பேஸ் வேண்டாம், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே லிப்ரெஆபீஸையும் ஏற்றி வைக்கும் வசதியும் வேண்டாம் என்று எடுத்துவிடுங்கள், 1 ஜிபியில் அது வீண் சுமை. முதல் முறை திறக்கும்போது நேரம் எடுக்கும். ஐயா பொறுமை இழந்து ஐகானை நாலு முறை தட்டாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான காரணம். 5.4இன் முகம் வேர்ட் 2000 போலவே இருக்கும். மேலே ஃபைல், எடிட் என்று மெனு, அதன் கீழே பட்டன் வரிசை. 2007க்குப் பிறகு வேர்டில் வந்த அகலப் பட்டை அதில் இல்லை. இத்தனை வருடமாக ஒரே இடத்தில் இருந்த சேவ் பட்டனைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அது அதே இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவர்கள் அறிவார்கள்.

மற்றவற்றைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களிடம் சொல்வார்கள். அப்பாச்சி ஓபன்ஆபீஸும் எக்ஸ்பியில் ஓடும், ஆனால் டாக்எக்ஸைப் படிக்குமே தவிர டாக்எக்ஸாகச் சேமிக்காது, உங்கள் பதிப்பாசிரியருக்கு அது சரிப்படாது. எக்ஸ்பியில் ஓடும் கடைசி மைக்ரோசாஃப்ட் வேர்ட் 2010. வீட்டில் யாரிடமாவது முறையான சிடியும் எண்ணும் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் திருட்டுப் பிரதி பக்கம் போகவே வேண்டாம். வேர்ட் 2003இல் டாக்எக்ஸ் திறக்க முன்பு மைக்ரோசாஃப்டே ஓர் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தது, 2018இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆன்லைனில் எழுதும் சேவைகளும் இதில் ஆகாது, எக்ஸ்பிக்கு வந்த கடைசி குரோம் 49, கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52, அவற்றைக் கொண்டு இன்றைய சேவைகளில் உட்கார்ந்து எழுத முடியாது. லினக்ஸுக்கு மாறச் சொல்லிச் சிலர் ஆர்வமாகச் சொல்வார்கள், 32 பிட் கம்ப்யூட்டரில் ஓடும் ஆன்டிஎக்ஸ் போன்றவை உண்மையிலேயே நல்லவை, ஒரு மாணவன் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 78 வயதில், பாதி எழுதிய தொகுப்போடு இருக்கும் ஒருவருடைய மேசையில் எல்லாவற்றையும் மாற்றி வைப்பது சரியில்லை. (இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது விண்டோஸ் 7 அல்லது 8 இருந்தால், உங்களுக்கான கடைசி லிப்ரெஆபீஸ் 25.2 வரிசை. விண்டோஸ் 98 வைத்திருந்தால் ஓபன்ஆபீஸ் 2.4தான், யூனிகோட் தமிழை மட்டும் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.)

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். லிப்ரெஆபீஸைப் போட்டதும், ஐயா ஒரு எழுத்துகூட அடிப்பதற்கு முன், டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸைத் திறந்து வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வார்த்தையின் முதல் இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்தும் வசதி, மேற்கோள் குறிகளை மாற்றும் வசதி, சொல்லைத் தானே முடித்துக்கொடுக்கும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். ஏன் என்றால், பாமினியில் அடிப்பது லிப்ரெஆபீஸைப் பொறுத்தவரை ஆங்கிலம். வாக்கியம் ஆங்கிலத்தில் தொடங்கினால் முதல் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று அது நினைக்கும். பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. 'தமிழ்' என்று தொடங்கினால் 'துமிழ்' ஆகிவிடும். அதையாவது கண் பிடித்துவிடும். சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. 'கடல்' என்று தொடங்கிய வாக்கியம் 'குடல்' என்று தொடங்கும். சின்ன ஜி 'ப', பெரிய ஜி 'பு', 'படம்' 'புடம்' ஆகும். மாறி வருவதும் நல்ல தமிழ்ச் சொல்லாகவே இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் நூலுக்குத் திருத்தங்களை அடித்துச் சேர்த்துக் கொடுத்தேன். ஆட்டோகரெக்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. அச்சுக்குப் போகும் முன் அவர் ஒரு முறை வாசித்தார், அப்போதுதான் ஓர் அத்தியாயத்தின் முதல் வரியில் கடல் இருக்க வேண்டிய இடத்தில் குடல் இருந்தது தெரிந்தது. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து, நான் தொட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டோம். மூன்று நாள் ஆயிற்று. அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து யாருடைய கம்ப்யூட்டரில் எழுதும் மென்பொருள் போட்டாலும் நான் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான்.

அதோடு ஆப்ஷன்ஸில் லோடு/சேவ் பகுதிக்குப் போய், எப்போதும் பேக்கப் பிரதி எடு என்பதை டிக் செய்து, தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். திரை முழுக்கச் சிவப்பு நெளிகோடாக வந்தால் ஷிஃப்ட்டோடு எஃப்7 அழுத்துங்கள், போய்விடும். பாமினியை ஆங்கிலம் என்று நினைத்து எழுத்துப்பிழை பார்க்கிறது, வேறொன்றுமில்லை.

இனி யூனிகோட். பதிப்பாசிரியர் கேட்பது நியாயம்தான். பாமினி கோப்பை அவருடைய கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் நீங்கள் பட்ட பாட்டையே அவரும் படுவார். யூனிகோடில் 'த' என்பதற்குத் தனி எண் உண்டு, எந்த எழுத்துருவைப் போட்டாலும் அது 'த'தான், ஜே ஆகாது. எக்ஸ்பிக்கு யூனிகோட் தமிழ் தெரியும், ஆனால் அதைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், அதில் லாங்குவேஜஸ் பக்கம், அங்கே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் கோப்புகளை இன்ஸ்டால் செய் என்று ஒரு பெட்டி இருக்கும். டிக் செய்தால் எக்ஸ்பி சிடியைக் கேட்கும், விண்டோஸ் போட்டவரிடம் அதை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். முடிந்ததும் லதா என்ற எழுத்துரு வந்து சேரும். அப்புறம் லிப்ரெஆபீஸில் ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் செட்டிங்ஸ் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்த பிறகு தமிழ் எழுத்துருவையும் அதன் அளவையும் ஆங்கிலத்துக்கான எழுத்துருவிலிருந்து தனியாக லிப்ரெஆபீஸ் வைத்துக்கொள்ளும். தமிழ் மட்டும் சின்னதாகத் தெரிகிறதே என்று பின்னால் குழம்ப வேண்டாம்.

மாமனாரின் கை எங்கே தடுமாறும் என்று நீங்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. பாமினியில் அடிக்கிறவர் 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பார். தமிழ்99 என்ற வேறு விசை அமைப்பைப் பழகச் சொன்னால் கை திண்டாடும். பழக வேண்டியதும் இல்லை. என்எச்எம் ரைட்டர் எக்ஸ்பி காலத்துத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள், அதில் பாமினி அமைப்பும் பழைய தட்டச்சு அமைப்பும் இருக்கின்றன. பாமினியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஐயா அதே வரிசையில் அதே விசைகளை அடிப்பார், கோப்பில் மட்டும் யூனிகோட் விழும். புதிய கட்டுரைகளை இனி இப்படியே எழுதட்டும்.

பழைய நானூறையும் ஒரே மூச்சில் மாற்ற உட்காராதீர்கள். தொகுப்புக்கு வேண்டியவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மாற்றினாலும் பாமினி மூலத்தை அழிக்காதீர்கள். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன, உள்ளே ஒட்டினால் வெளியே யூனிகோட் வரும். ஆனால் அவை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றும். கட்டுரைக்கு நடுவே ஐயா ஓர் ஆங்கிலப் பெயரை ஆங்கிலத்திலேயே அடித்திருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துப் புரியாத தமிழாக்கி வைக்கும். தடித்த எழுத்து, சாய்வு எழுத்தெல்லாம் போய்விடும். மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு: 'ஔ' வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும், ஸ்ரீ, க்ஷ இரண்டும் உடைந்திருக்கலாம், பழைய தட்டச்சுப் பழக்கத்தில் சிலர் காலையும் ரகரத்தையும் மாற்றிப் போட்டிருப்பார்கள், பாமினியில் அது சட்டென்று கண்ணில் படாது, யூனிகோடில் தெரிந்துவிடும். இந்த மெய்ப்பை ஐயாவே பார்க்கட்டும். தன் வாக்கியம் எப்படி இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும், கையில் வேலை வந்தால் இந்த மாதத்துச் சோர்வும் கொஞ்சம் விலகும்.

பதிப்பாசிரியர் அனுப்பும் டாக்எக்ஸ் பற்றி. சிலர் பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸை எடுத்துவிட்டால் பழைய வேர்டில் திறக்கும் என்பார்கள். திறக்காது. பழைய டாக் கோப்பும் வேர்ட் 2007இல் வந்த டாக்எக்ஸும் உள்ளுக்குள் வேறு வேறு சாதி. டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு பிரதி எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே வேர்ட் என்று ஒரு ஃபோல்டரும் அதற்குள் டாக்குமென்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பும் இருக்கும், கட்டுரை முழுக்க அதில்தான் இருக்கிறது. எந்த மென்பொருளும் திறக்க மறுக்கும் டாக்எக்ஸிலிருந்து எழுத்தை மட்டும் மீட்க இந்த வழி பல முறை எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

லிப்ரெஆபீஸ் 5.4 டாக்எக்ஸை நேராகவே திறக்கும், பதிப்பாசிரியர் போட்ட திருத்தக் குறிகளும் ஓரக் குறிப்புகளும் தெரியும். என் யோசனை இது: ஐயா எழுதும்போது லிப்ரெஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடியில் சேமிக்கட்டும், எழுதி முடித்து அனுப்பும்போது மட்டும் சேவ் ஆஸ் கொடுத்து டாக்எக்ஸ் ஆக்குங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் அனுப்புங்கள். பக்கம் எங்கே முடிகிறது, எந்த வரி உள்தள்ளி இருக்கிறது என்பதை அவர் பிடிஎஃபில் பார்த்துக்கொள்வார், டாக்எக்ஸில் எழுத்துரு மாறினால் பக்கங்கள் நகரும். அவர் கைவைத்துத் திருப்பி அனுப்பிய பிறகு ஓடிடிக்குத் திரும்பாதீர்கள், அந்த டாக்எக்ஸிலேயே தொடருங்கள். இரண்டு பிரதிகளில் மாறி மாறித் திருத்தியதால் பாதித் திருத்தம் காணாமல் போன கட்டுரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கம்ப்யூட்டரை இணையத்தோடு இணைக்காதீர்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று எத்தனையோ வருடம் ஆகிறது. மின்னஞ்சல் உங்கள் லேப்டாப்பில், கோப்பு பென்டிரைவில், அந்தப் பென்டிரைவை உங்கள் லேப்டாப்பில் ஒரு முறை வைரஸ் சோதனை செய்துவிட்டு எக்ஸ்பிக்குக் கொண்டுபோவது, இந்த ஏற்பாடு போதும்.

உங்கள் கணவர் சொல்வதும் தப்பில்லை. இந்த ஹார்டு டிஸ்க் நின்றுவிட்டால் அன்றைக்குப் புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் இப்போது, தொகுப்பு பாதியில் இருக்கும்போது, மாற்ற வேண்டாம். மேலே சொன்ன வேலைகளை முடித்துவிட்டால் எழுத்தெல்லாம் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கும், தொகுப்புக்கு வேண்டியவை யூனிகோடிலும் இருக்கும், மாமனாருக்கும் லிப்ரெஆபீஸ் பழகியிருக்கும். மாறுகிற நாளில் லேப்டாப்பில் அதே லிப்ரெஆபீஸின் புதிய பதிப்பைப் போட்டு, கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் கொண்டுபோய் வைத்தால் போதும்.

கீபோர்டைப் பற்றியும் ஒன்று. இப்போதே போய் அதன் ஒயரின் முனையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் யூஎஸ்பி, எந்த லேப்டாப்பிலும் அப்படியே செருகலாம். வட்டமாக, ஊதா நிறத்தில், உள்ளே சின்னச் சின்ன ஊசிகளோடு இருந்தால் அது பிஎஸ்/2. அதை யூஎஸ்பியாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. உள்ளே சிப் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், வெறும் முனையை மட்டும் மாற்றும் மலிவான துண்டு எல்லாக் கீபோர்டுக்கும் வேலை செய்யாது. லேப்டாப் எப்போது வந்தாலும் அவருடைய கீபோர்டும் கூடவே போகும் என்று ஐயாவிடம் சொல்லிவிடுங்கள்.